அந்த விமானத்தில் இருந்த இருவர்

காவிரித் தண்ணீருக்காகப் பெங்களூரில் கலவரம் நடந்த டிசம்பரில், பிரேசர் டவுனில் இருந்த என் மூக்குக் கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகையை நானும் பக்கத்து பேக்கரிக்காரரும் சேர்ந்து கழற்றி உள்ளே வைத்தோம். பலகையில் மூன்று மொழிகளில் பெயர் எழுதியிருந்தது. தமிழ் நடுவில் இருந்ததால் அதை மட்டும் மறைக்க வழியில்லை. கடையைப் பூட்டிவிட்டு ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் வெளியே போகவில்லை. நானும் மனைவியும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டோம். மூன்றாம் நாள் காலையில் தொலைபேசி ஒலித்தது.

எடுத்தது நான். ஒரு பெண்குரல் கன்னடத்தில் என் மனைவியைக் கேட்டது. என் பதிலில் இருந்த தமிழ் வாடையைக் கேட்டதும் தமிழுக்கு மாறியது.

"நீங்க அவங்க வீட்டுக்காரரா, சார்? நான் ஜெயநகர்லேந்து பேசறேன். உங்க பக்கம் கலாட்டா ஜாஸ்தின்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்து இருங்க. காரை அனுப்பறேன். டிரைவர் கன்னடக்காரர், ஏனும் ஆகாது, ஒண்ணும் பயமில்லை."

யாரென்று நான் கேட்பதற்குள் மனைவி வந்து ரிசீவரை வாங்கினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "வேணாம். நாங்க நல்லாத்தான் இருக்கோம். தேங்க்ஸ்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரு?"

"அந்த பைலட்டோட தங்கச்சி."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த பைலட்டுக்கு ஒரு தங்கை உண்டு என்பதையே அன்றுதான் நான் கேள்விப்பட்டேன்.

நான் என் மனைவிக்கு இரண்டாவது கணவன். முதல் கணவர் விமானப்படையில் நேவிகேட்டராக இருந்தவர். விமானி ஓட்டுவார், இவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வார், குண்டு போட வேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுப்பார். எழுபத்தொன்றாம் வருடப் போரில் மேற்கு எல்லையைத் தாண்டிப் போன அவர்களுடைய விமானம் திரும்பவில்லை. அதில் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். காணவில்லை, இறந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது என்று தந்தி வந்தது. அப்போது என் மனைவிக்கு வயது இருபத்துமூன்று. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

நான் அவளைப் பார்த்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. பள்ளிக்கூட டீச்சர், கண்ணாடி மாற்ற வந்தாள். நான் கொடுத்த கண்ணாடியை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, இடது கண்ணுக்குப் பவர் தப்பு என்றாள். நான் சரி என்றேன், அவள் தப்பு என்றாள். கடைசியில் மறுபடி சோதித்தபோது தப்பு என்னுடையது. அதற்குப் பிறகு அடிக்கடி பேசிக்கொண்டோம். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அவர் செத்துட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சுதான் நீங்க கேக்கறீங்களா?" என்றாள்.

தெரிந்துதான் கேட்டேன். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஏழு வருடமும் முடிந்தபின், சான்றிதழை வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்தோம். நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன், கோயிலுக்குப் போகிறவன். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். யார் வழக்கத்தையும் யாரும் மாற்றவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவள் வீட்டுக்குத்தான் நான் குடிவந்தேன். ஹாலில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அதை எடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை, எடு என்று நானும் சொல்லவில்லை. விமான உடையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். அவர் தோள்மேல் ஒரு கை இருக்கும். கைக்கு உரியவர் படத்தில் இல்லை. மணிக்கட்டோடு சட்டம் வந்துவிடும். தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். ஏதோ நண்பர், இடம் போதாமல் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசி வந்த அன்று அவளே அந்தப் படத்தைக் கழற்றினாள். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தியால் நெம்பி அட்டையை எடுத்தாள். படம் வெட்டப்பட்டிருக்கவில்லை. பாதி பின்னால் மடிக்கப்பட்டிருந்தது. விரித்துக் காட்டினாள். உயரமாக, ஒல்லியாக, தலைமுடி காற்றில் கலைந்த ஒரு இளைஞன்.

"நான்தான் மடிச்சேன்," என்றாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பிளேன்ல பைலட்டுக்கு மட்டும்தாங்க எஜெக்ஷன் சீட்டு. கைப்பிடியை இழுத்தா சீட்டோட தூக்கி வெளியே போட்டுடும், பாராசூட் விரிஞ்சுக்கும். இவருக்கு அது கிடையாது. முன்னால மூக்குப் பக்கம் படுத்துக்கிட்டு வேலை பார்க்கணும். ஏதாவது ஆச்சுன்னா எழுந்து வந்து, பக்கத்துக் கதவைத் திறந்து குதிக்கணும். லீவுல வந்தப்போ இவரே சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவார், அவனுக்கு லிஃப்ட்டு, எனக்கு மாடிப்படின்னு."

தந்தி வந்ததும் பைலட்டின் தங்கை இந்த வீட்டுக்கு ஓடி வந்தாளாம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். பைலட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இல்லை, இவள் ஒருத்திதான் உறவு. அவளும் என் மனைவியும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, பிடிபட்டவர்களின் பெயர்களை ரேடியோவில் வாசிக்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பெயரும் வரவில்லை. சில மாதம் கழித்து விமானப்படையில் யாரோ சொன்னதாக ஒரு செய்தி வந்தது. அந்தப் பக்கம் வானத்தில் ஒரு பாராசூட் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று.

"அவ ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அக்கா, ஒரு பாராசூட் இறங்கிச்சாம் அக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதா. சந்தோஷத்துல. எனக்கு அந்த ‘ஒரு’ மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ஒண்ணுன்னா அது யாரோடது? அவங்க அண்ணன் கைப்பிடியை இழுத்துட்டுப் போயிட்டார், இவர் கதவைத் தேடிக்கிட்டு இருந்திருக்கார். அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு அது தோணலை. எனக்குத் தோணிச்சு. அன்னைக்கே அவளைக் கிளம்பச் சொல்லிட்டேன்."

"காரணம் சொன்னியா?"

"சொல்லலை. ஆனா அவளுக்குப் புரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் வருஷா வருஷம் லெட்டர் போட்டா. நான் பதில் போடலை."

அவள் படத்தை முன்போலவே மடித்துச் சட்டத்துக்குள் வைத்தாள். நான் சுவரில் மாட்டினேன்.

இரண்டு மூன்று வருடம் போனது. ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரத்தில், கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் உள்ளே வந்தார். காதோரம் நரை. கண் சோதிக்கும் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். எழுத்து அட்டையைப் பார்க்கச் சொன்னேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். நான் ஜெயநகர்லேந்து வந்திருக்கேன்," என்றார்.

கைப்பையிலிருந்து ஒரு கன்னடச் செய்தித்தாள் துண்டை எடுத்துக் கொடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் பல வருடம் சிறையில் இருந்துவிட்டு விடுதலையாகி வந்த ஒருவர் சொன்னது அதில் இருந்தது. தான் இருந்த சிறையில் நம் விமானப்படைக்காரர் ஒருவரைப் பார்த்ததாகவும், அவர் தென்னாட்டுக்காரர் போல இருந்ததாகவும், சரியாகப் பேசும் நிலையில் இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

"நம்ம மாதிரி குடும்பங்க எல்லாம் சேர்ந்து கவர்மெண்டுக்கு மனு கொடுக்கறோம். எங்க பிளேனுக்கு ரெண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டா நல்லது. அக்கா நான் போன் பண்ணா வெச்சுடுவாங்க. நீங்க கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன்," என்றேன்.

அவர் போனதும் மனுவையும் செய்தித்தாள் துண்டையும் லென்ஸ் டப்பாக்கள் வைக்கும் இழுப்பறையில் போட்டேன். மூன்று வாரம் அவை அங்கேயே இருந்தன. தினமும் சாயங்காலம் இன்றைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பேன். ஷட்டரை இறக்கிப் பூட்டியபின்தான் ஞாபகம் வந்தது போல எனக்கு நானே நடித்துக்கொள்வேன்.

தென்னாட்டுக்காரர் என்று எழுதியிருந்ததுதான் என்னை அரித்தது. பைலட் கன்னடக்காரர், நேவிகேட்டர் தமிழர். வடக்கே இருக்கிறவர்களுக்கு இரண்டு பேருமே தென்னாட்டுக்காரர்கள்தானே. உயிரோடு இருப்பவர் நேவிகேட்டராக இருந்தால்? அவர் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு வயதானவர் வருவதாக நினைத்துப் பார்த்தேன். அது அவருடைய வீடு. நான் படுக்கும் கட்டில் அவருடையது. அவர் வந்தால் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அல்சூருக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. போக முடியும் என்று மட்டும் தோன்றவில்லை.

எழுத வந்துவிட்டேன், மறைக்காமல் எழுதுகிறேன். அந்த மூன்று வாரத்தில், பெயர் தெரியாத எந்தச் சிறையிலும் அவர் இருக்கக் கூடாது, இருபது வருடம் முன்பே அந்த விமானத்திலேயே அவர் முடிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர். அவர் கண்ணில் படாமலிருக்க, அவர் படத்துக்குக் கீழே இடம் மாறி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அப்படி விரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பாடு எடுத்து வைக்கும்போது, அதற்குமேல் தாங்காமல் மனுவை எடுத்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?"

"மூணு வாரம்."

ஏன் என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்துவந்து கையெழுத்துப் போட்டாள்.

"உயிரோட இருந்தா வரட்டும்," என்றாள்.

யார் என்று நானும் கேட்கவில்லை.

மனுவுக்குப் பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டதாக இரண்டு வரி. ஜெயநகர் அம்மாள் அதன் நகலைக் கடைக்கு அனுப்பியிருந்தார். மனைவி அதைப் படித்து அலமாரியில் வைத்தாள். இதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. கண் புரைக்கு நான் ஆபரேஷன் செய்துகொண்டேன், அவள் முன்கூட்டியே வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், பிரேசர் டவுனில் தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன.

ஜெயநகர் அம்மாளுக்கு ஒரு மகன், அமெரிக்காவில் வேலை. பழைய போர் விமானங்களில் பைத்தியமாக இருப்பவர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு இணையதளத்தில் அந்தப் பையன் தன் மாமாவின் விமானத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறான். ஏழெட்டு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு அந்த அம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"இந்தத் தடவை உங்க கையில கொடுத்துட்டுப் போக மாட்டேன் சார். அக்கா எதிர்லயே படிக்கணும். அவங்க கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மனைவியிடம் அன்றே சொன்னேன். "வரச் சொல்லுங்க," என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்து ஏறக்குறைய முப்பது வருடம். ஹாலில் நுழைந்ததும் படத்தைப் பார்த்தார். தன் அண்ணனின் கையை மட்டும் பார்த்தார் என்று நினைக்கிறேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் காகிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படிக்க முயன்றார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

அது ஒரு பேரன் தன் தாத்தாவுக்காக ஆங்கிலத்தில் எழுதியது. தாத்தா அந்தக் காலத்தில் கால்வாயில் மதகு திறந்து மூடும் வேலையில் இருந்தவர். போர் நடந்தபோது ஒருநாள் விடியும் முன் ஒரு விமானம் கிழக்கே பார்த்து, அதாவது எல்லையை நோக்கி, மிகவும் தாழ்வாக வந்தது. ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. ஊரைத் தாண்டிக் கால்வாய்க்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. வெளிச்சம் வந்தபின் தாத்தாவும் இன்னும் சிலரும் போய்ப் பார்த்தார்கள். முன்பகுதி உடைந்து தனியாகக் கிடந்தது, அதில் தீ அதிகம் பிடிக்கவில்லை. இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தன் இருக்கையில் வார் கட்டியபடியே இருந்தார். இன்னொருவர் பக்கவாட்டுக் கதவருகில் இருந்தார். கதவு திறந்திருந்தது.

அந்த ஊரில் பாராசூட் எதுவும் இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தது. வேறொரு நாள், பல மைல் தள்ளி, அவர்களுடைய விமானமே ஒன்று விழுந்தபோது ஒருவர் பாராசூட்டில் இறங்கியதுண்டு, மக்கள் இரண்டையும் சேர்த்துப் பேசியிருக்கலாம் என்று தாத்தா நினைக்கிறார். ராணுவத்தார் வந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். உடல்களை ஊர்க்காரர்கள் கால்வாய்க் கரையில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களில் தாத்தாவும் ஒருவர். இருக்கையில் இருந்தவர் வலது கையில் கடிகாரம் கட்டியிருந்ததை, விசித்திரமாகப் பட்டதால், இன்னமும் மறக்கவில்லை.

"வலது கையா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "அண்ணா எடது கைக்காரன். வாட்ச்சை வலது கையிலதான் கட்டுவான்."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"சீட்டு பத்தி எழுதியிருக்கே, அதைத் திரும்பப் படிங்க."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அப்போ அவர் கைப்பிடியை இழுக்கலை," என்றாள்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். "ஆமா அக்கா. உங்க வீட்டுக்காரர் கதவுகிட்ட வர்ற வரைக்கும் அண்ணா பிளேனைப் புடிச்சுட்டு இருந்திருக்கான். அவரை விட்டுட்டுப் போகல்ல."

மனைவி டீச்சராக இருந்தவள், தப்பான விடைக்குப் பாதி மார்க் கொடுக்க மாட்டாள்.

"இருக்கலாம்மா. நேரமில்லாமலும் போயிருக்கலாம். ரொம்பத் தாழப் போனா அந்த சீட்டு வேலைக்கு ஆகாதுன்னு லீவுல வந்தப்போ இவரே சொல்லியிருக்கார். அடிபட்டு நினைவு இல்லாம இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாது. நல்லா இருக்குங்கறதுக்காக ஒண்ணை நம்ப வேணாம்." பிறகு நிறுத்தி, "ஆனா அவர் போகலை. அது தெரியும். முப்பது வருஷமா அவர் போயிட்டார்னு நினைச்சு உங்க அண்ணனை நான் திட்டாத நாள் கிடையாது. சர்ச்சுல முழங்கால் போட்டுக்கிட்டுத் திட்டியிருக்கேன். உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்," என்றாள்.

"எனக்கு அப்பவே புரிஞ்சுது அக்கா. புரிஞ்சும் ஆசைப்பட்டேன். ஒருத்தன்தான் பொழைச்சான்னா அது அண்ணாவா இருக்கட்டும்னு தினம் சாமி கும்பிட்டேன். அப்படீன்னா உங்க வீட்டுக்காரர் போயிட்டார்னுதானே அர்த்தம். அதுவும் சேர்த்துத்தான் கேட்டுக்கிட்டேன்."

மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டபோது, அவர்கள் அண்ணனைப் பற்றியோ கணவரைப் பற்றியோ பேசவில்லை. அந்த நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கேட்ட ரேடியோ என்ன ஆனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தபோது மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அன்றைக்குச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அந்த மனுவை மூணு வாரம் மறைச்சு வெச்சேன்ல, ஏன்னு நீ கேக்கவே இல்லை."

"தெரியும்."

"என்ன தெரியும்? அவர் செத்திருக்கணும்னு நான் ஆசைப்பட்டேன். இன்னைக்கு அந்த லெட்டரைப் படிக்கும்போது ரெண்டு பேர்னு வந்துச்சு பாரு, அந்த இடத்துல எனக்குள்ள ஒரு நிம்மதி. உன் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு."

அவள் குழாயை மூடினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல், ஈரக் கையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தபடி நின்றாள்.

"எனக்கும் அதே இடத்துலதான்," என்றாள். "உயிரோட இருந்தா வரட்டும்னு கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு, வாசல் கேட் சத்தம் கேக்கும்போதெல்லாம் பயம். அவர் வந்து நின்னா, நீங்க யாருன்னு எப்படிச் சொல்றது? உங்களைப் போகச் சொல்ல என்னால ஆகாது. அவரைப் போகச் சொல்லவும் ஆகாது. எட்டு வருஷமா நான் அவருக்காக வேண்டிக்கவே இல்லை, தெரியுமா? என்னன்னு வேண்டிக்கறது? அன்னைக்கு ஒரே விடியலோட முடிஞ்சு போச்சு, அவர் எந்த ஜெயில்லயும் கஷ்டப்படலைன்னு இன்னைக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்குத்தான் நிம்மதின்னு வெளியே சொல்லிக்கலாம். ஆனா அது மட்டும் இல்லை."

அதன்பின் மீதிப் பாத்திரங்களைக் கழுவி முடித்தோம். ஒரு விஷயத்தை நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. சொன்னதால் பாரம் குறைந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் காப்பியை மறுபடி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தபடியே குடித்தேன். அடுத்த வாரம் அவள் அந்தப் படத்தை முழுசாக விரித்துப் பெரிய சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று பேரும் அந்தக் கால்வாய்க் கரைக்குப் போய்வர வேண்டும் என்று முடிவு செய்தோம். விசாவுக்கு விண்ணப்பித்தோம். அந்தக் குளிர்காலத்தில் எல்லையில் இரண்டு பக்கமும் ராணுவம் குவிந்தது, ரயிலும் பஸ்ஸும் நின்றன. விண்ணப்பம் திரும்பி வந்தது. நிலைமை சரியானபின் மறுபடி அனுப்பினோம், அது திரும்பிக்கூட வரவில்லை.

ஆனால் அந்தத் தாத்தாவுடன் சில கடிதங்கள் பரிமாறிக்கொண்டோம். மனைவி ஆங்கிலத்தில் எழுதுவாள், நான் பிரௌசிங் சென்டரில் தட்டச்சு செய்து பேரனுக்கு அனுப்புவேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, புதைக்கும்போது யாராவது ஏதாவது ஜெபம் சொன்னார்களா என்பது. யார் என்ன மதம் என்று தங்களுக்குத் தெரியவில்லை, தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம் என்று பதில் வந்தது. கால்வாயைப் பிறகு அகலப்படுத்தியபோது கரை நகர்ந்துவிட்டது, அந்த இடம் இப்போது எது என்று நிச்சயமாகக் காட்ட முடியாது என்பதையும் எழுதியிருந்தார். மழுப்பாமல் எழுதியதற்கு அவள் நன்றி சொன்னாள். மூன்றாவது கடிதத்துக்குப் பேரனே பதில் போட்டான். தாத்தா போய்விட்டார் என்று.

என் மனைவியின் சர்ச்சில் வருடா வருடம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்களில் இறந்த சபையாரின் பெயர்களை வாசிப்பார்கள். பழைய கன்டோன்மென்ட் சர்ச், நீளமான பட்டியல். முப்பது வருடமாக அவள் தன் கணவரின் பெயரை அதற்குக் கொடுத்ததில்லை. இறந்தது தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று இருந்துவிட்டாள். கடிதம் வந்த வருடம் கொடுத்தாள். ஒரு சீட்டில் இரண்டு பெயர்களாக எழுதிக் கொடுத்தாள். ஆயர் இளம்வயதுக்காரர், புதிதாக வந்தவர். இரண்டாவது பெயரைப் பார்த்துத் தயங்கினார்.

"இவர் நம்ம சபை இல்லைபோல இருக்கே, அம்மா."

"சபை பார்த்தா ஐயா பிளேன்ல ஏத்தினாங்க?"

அவர் சிரித்துவிட்டுச் சீட்டை வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று நானும் போனேன். ஜெயநகர் அம்மாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்ததுபோல, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் நானும் அவரும் என் மனைவியைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பெயர்கள் வந்தன. முதல் உலகப்போரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக. கடைசியில் என் மனைவியின் முதல் கணவர் பெயர் வந்தது. அவள் தலையை நிமிர்த்தியபடி கேட்டாள். அதற்கடுத்த பெயர் வந்தபோது ஆயர் ஒரு எழுத்தை நீட்டி, ஒரு எழுத்தை விழுங்கி, வாய்க்கு வந்தபடி வாசித்தார். மனைவியின் முகம் சுருங்கியது.

வெளியே வந்ததும் அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. ஆயர் தமிழ்க்காரர், கன்னடப் பேரு வாயில நுழையலை. அடுத்த வருஷம் நான் எழுதும்போதே சரியா சொல்லிக் கொடுத்துடறேன்."

"பேடா அக்கா, மன்னிப்பெல்லாம் வேணாம்," என்றார் அந்த அம்மாள். "ஸ்கூல்லயே மாஸ்டருங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. அதுக்கு அவன் கையைத் தூக்கவே மாட்டான். பேரை சரியா சொல்ற வரைக்கும் ஆப்சென்ட்டு போட்டுக்குங்கன்னு உட்கார்ந்திருப்பான்."

மனைவி சிரித்தாள். "இவர் போருக்கு முன்னால எனக்குப் போட்ட லெட்டர்ல எழுதியிருக்கார். ஏர்ஃபோர்ஸ் ஸ்க்வாட்ரன்லயும் உங்க அண்ணன் அதையேதான் பண்ணுவாராம்," என்றாள். பிறகு அந்தக் கடிதத்தில் வேறென்ன எழுதியிருந்தது என்று சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தாள். நான் ஆட்டோ கூப்பிடப் போனேன்.